துணைக்குப் போனவள்

காலை பத்து மணிக்கே மாரியாத்தாள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். கார் அப்போதுதான் பல்லடத்தைத் தாண்டியிருந்தது.

காலையில் நிறுத்தினால் ராத்திரி ஒருமுறையோடு போகும். மத்தியானம் நிறுத்தினால் இரண்டு. நிறுத்தாவிட்டால் நாலு. இரண்டு வருடமாக நாலுதான். வீட்டில் அது ஒரு பிரச்சினையே இல்லை. கட்டிலிலிருந்து இறங்கினால் எதிரே பாத்ரூம். யாருக்கும் தெரியாது. புருஷன் குமாரசாமியின் குறட்டைக்குப் பயந்து அவள் உள்ளறையில் படுக்கிறாள். அவர் ஹாலில். பதினாறு தறி ஓடும் சத்தத்தில் தூங்கிப் பழகிய மனிதர். இடி விழுந்தாலும் புரண்டுதான் படுப்பார்.

இன்றைக்கு வீடு இல்லை. டெண்டு.

மகள் லோகப்பிரியாவுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு ராத்திரி டெண்டில் தங்க வேண்டும் என்பது அவளுக்கும் மாப்பிள்ளை மோகன்குமாருக்கும் ஆசை. இடம், ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. தாராபுரத்திலிருந்து சம்பந்தி நாச்சிமுத்துவும் சம்பந்தியம்மா வசந்தாமணியும் வருகிறார்கள்.

அதுதான் சிக்கல். பெண்ணைக் கொடுத்த இடம். அவர்கள் பார்க்க ராத்திரி நாலு தடவை டார்ச்சைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட, தோப்புக் கிணற்றில் விழுந்துவிடலாம்.

தோப்பில் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே வந்து இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள்.

"வாங்க அக்கா. மொதல்ல எளநி குடிங்க," என்றாள் வசந்தாமணி.

"இப்பத்தானுங்க காப்பி குடிச்சேன்."

"காப்பி வேற, எளநி வேறீங்க அக்கா."

குமாரசாமி தன்னுடையதைக் குடித்து முடித்திருந்தார். இன்னொன்றை வாங்கி மனைவியின் கையில் வைத்தார்.

"குடி அம்மணி. ஒதடு காஞ்சு கெடக்குது. சம்பந்தியம்மா ஆசையாக் குடுக்கறாங்க, வேண்டாங்கறது நல்லாவா இருக்குது?"

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தாள். வழுக்கையையும் தின்றாள். இந்த மனுசனுக்குக் கொஞ்சமாவது விவரம் இருக்குதா என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று டெண்டுகள் வரிசையாக நின்றன. வரிசையின் ஒரு கோடியில், நூறடி தள்ளி, தகரக் கூரை போட்ட கக்கூஸ். முன்பக்கக் கதவு பெண்களுக்கு. ஆண்களுக்குப் பின்பக்கம். பின்பக்கத்தை ஒட்டி வாட்ச்மேன் மாரப்பன் தங்கும் ஓலைச் சாளை.

"நாங்க இந்த டெண்டுல இருந்துக்கறமுங்க மாப்ள," என்று கக்கூசுக்குப் பக்கத்து டெண்டைக் காட்டினாள் மாரியாத்தாள். "நல்லாக் காத்து வருது."

மோகன்குமார் பதறிவிட்டான். "அத்தை! கக்கூஸ் பக்கத்துல உங்களைப் படுக்க வெப்பனா? மலை தெரியற டெண்டு உங்களுக்குத்தான்."

மலை தெரியும் டெண்டு கடைசி டெண்டு. அங்கிருந்து கக்கூசுக்குப் போக சம்பந்தியின் டெண்டையும் தாண்ட வேண்டும், மாப்பிள்ளையின் டெண்டையும் தாண்ட வேண்டும். மரியாதையில் மாப்பிள்ளையை ஒரு குறை சொல்ல முடியாது.

ராத்திரிக்கு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சாதம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாரப்பன் வந்தார்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. காட்டுப்பன்னி நடமாட்டம் இருக்குதுங்க. ராத்திரி ஆரும் தனியாப் போகாதீங்க."

மாரியாத்தாள் கக்கூஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் குமாரசாமி தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப என் பாடு எப்புடீங்க?"

"ஏனுங்க மாமா?"

"எனக்கு ராத்திரி நாலு தடவை போகோணுமே மாப்ள."

நெருப்பில் விறகு வெடித்தது. லோகப்பிரியா அப்பாவைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"எப்ப இருந்துங்க?" என்றாள் மாரியாத்தாள், மெதுவாக.

"ஆச்சு, ஆறு மாசம். உனக்கெங்க தெரியும்? நீ உள்ள படுத்ததும் தூங்கிருவே."

மாரியாத்தாள் அவரையே பார்த்தாள். தான் இரண்டு வருடமாகப் பூட்டி வைத்திருந்ததை இந்த மனிதர் நூல் விலை சொல்வதுபோலச் சம்பந்தியிடம் சொல்கிறார்.

"சுகருங்களா சம்பந்தி?" என்றார் நாச்சிமுத்து.

"இன்னும் பாக்கலீங்க."

உடனே வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. வெந்தயம் என்றார் நாச்சிமுத்து. எள்ளுருண்டை என்றாள் வசந்தாமணி. மோகன்குமார் எழுந்தே நின்றான்.

"மாமா, கார்ல அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு காலியா இருக்குதுங்க. டெண்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டீங்கன்னா..."

"ஏங்க, கம்முனு இருங்க," என்றாள் லோகப்பிரியா.

"கேனெல்லாம் ஆகாது மாப்ள. அம்பத்தெட்டு வருசமா செவுத்தப் பாத்துப் பழகிப்போச்சு."

"அப்ப நான் துணைக்கு வாரனுங்க."

"நீங்க எதுக்கு? தூங்குங்க. உங்கத்தை வருவா. அவ கூட வந்தாப் பன்னி தலை காட்டாது."

எல்லாரும் சிரித்தார்கள். மாரியாத்தாளும் பல்லைக் காட்டினாள்.

மோகன்குமாருக்கு மனசு கேட்கவில்லை. கடைசி டெண்டின் கம்பத்திலிருந்து கக்கூஸ் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு இழுத்துக் கட்டினான். "இதப் புடிச்சுக்கிட்டே போனா வழி தப்பாதுங்க மாமா," என்றான். கயிறு போகிற வழியில் சம்பந்தியின் டெண்டுக்கும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

பத்தரை மணிக்கு முதல் தடவை. மாரியாத்தாள் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். டெண்டின் ஜிப்பைச் சத்தமில்லாமல் எப்படித் திறப்பது என்பதே யோசனை. கையை நீட்டி ஒரு விரக்கடை இழுத்தாள். புதுத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மணி," என்றார் பக்கத்தில் குமாரசாமி. "எந்திரி. அவசரம்."

ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்தார். வெளியே வந்ததும் காறிக் கனைத்தார். செருப்பைத் தரையில் தட்டினார்.

"மெதுவாங்க! ஊரையே எழுப்பறீங்க."

"பன்னிக்குத் தெரிய வேண்டாமா? சத்தம் கேட்டாத்தான் அது அக்கட்டப் போகும்."

கக்கூசுக்கு முன்னால் நின்றார். "நான் பின்னால போறேன். நீ வெளிய தனியா நிக்காதே. உள்ள போயித் தாழ் போட்டுக்க."

பன்னிக்குப் பயந்து அவள் உள்ளே போனாள். போனதுதான் போனோம் என்று வேலையையும் முடித்துக்கொண்டாள். வெளியே வந்த நிமிடமே அவரும் பின்பக்கத்திலிருந்து வந்தார்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

பன்னிரண்டரைக்கு இரண்டாவது தடவை. மறுபடியும் அவர்தான் எழுப்பினார். மறுபடியும் கனைப்பு. இந்தமுறை நடு டெண்டுக்குள்ளிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது.

"சம்பந்திதானே? ஏ வசந்தா, சம்பந்தியம்மா அங்க தனியா நிப்பாங்க. துணைக்குப் போ."

வசந்தாமணி முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். குமாரசாமி பின்பக்கம் போனார். இரண்டு பெண்களும் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க அக்கா."

"எனக்கு இல்லீங்க. நான் சும்மா அவருக்குத் துணைக்கு வந்தனுங்க. நீங்க போங்க."

"நானும் சும்மாதானுங்க. உங்களுக்குத் துணைக்கு."

"பரவால்லீங்க, போங்க."

"உங்களுக்கு முந்தி நான் போவனுங்களா? நீங்க போங்க."

மாரியாத்தாள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். வசந்தாமணியும் மாறினாள். தோப்பில் காற்று வீசியது. எங்கோ தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இருவராலும் தாங்க முடியவில்லை.

"நீங்க..."

"நீங்க போங்க..."

பின்பக்கத்திலிருந்து குமாரசாமி கத்தினார். "அம்மணி! எனக்கு இன்னும் நேரமாகும். அங்க பன்னி மாதிரி என்னமோ உறுமுது. ஒருத்தருக்குப் பொறகு ஒருத்தரு உள்ள போயிட்டு வந்துருங்க!"

வசந்தாமணி பயத்தில் மாரியாத்தாளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்புறம் மாரியாத்தாள் அவளைத் தள்ளினாள். திரும்பும்போது இரண்டு பேர் முகத்தில் நிம்மதி இருந்தது. இருட்டில் யார் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவை இரண்டரைக்கு. குமாரசாமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாரியாத்தாள் அவர் எழுப்புவார் என்று காத்திருந்தாள். எழுப்பவில்லை. பாவம், இப்போதுதான் கண் அசந்திருக்கிறார், நோயாளி வேறு. அவரை எழுப்பக் கூடாது என்று முடிவு செய்தாள். பன்னி வந்தால் வரட்டும்.

ஜிப்பைப் பல் பல்லாகத் திறந்தாள். அதற்கே பத்து நிமிடம் ஆனது. வெளியே வந்து நாலு எட்டு வைத்தாள். பனியில் நனைந்த கயிறு தொய்ந்து முழங்காலுக்கு இறங்கியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

அவள் விழுந்தாள். கயிறு இழுத்தது. நடு டெண்டின் முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. சம்பந்தியின் டெண்டு பெருமூச்சு விட்டதுபோல உட்கார்ந்தது.

"பன்னி!" என்று உள்ளேயிருந்து அலறினார் நாச்சிமுத்து. "வசந்தா, பன்னி மேல ஏறிப்போடுச்சு!"

"என்னைய எதுக்குங்க ஒதைக்கறீங்க?"

மோகன்குமார் குழம்புச் சட்டியையும் கரண்டியையும் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். லோகப்பிரியா கார் ஹாரனை அழுத்தினாள். தோப்பின் மூலையில் நாய்கள் ஆரம்பித்தன. மாரப்பன் பெரிய டார்ச்சோடு ஓடி வந்தார். வெளிச்சம் நேராக மாரியாத்தாள் மேல் விழுந்தது.

ஹாரன் நின்றது. சட்டி நின்றது. சரிந்த டெண்டின் வாயிலிருந்து நாச்சிமுத்துவின் தலை வெளியே வந்தது.

"அத்தை?" என்றான் மோகன்குமார். "நீங்களா? தனியா எங்க போறீங்க?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பக்கத்தில் அவரும் இல்லை. துணைக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது. காற்று வாங்க வந்தேன் என்று இரண்டரை மணிக்கு யார் சொல்வார்கள்? தோப்புக் கிணறு எந்தப் பக்கம் என்று கண் தேடியது.

"ஏ அம்மணி!"

கடைசி டெண்டிலிருந்து குமாரசாமி வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தார்.

"என்னைய உட்டுப்போட்டு இங்க நின்னு என்ன பேச்சு? அடக்க முடீல! நகருங்க சம்பந்தி, நகருங்க!"

நாச்சிமுத்துவின் தலையைத் தாண்டிக்கொண்டு ஓடினார். மாரியாத்தாள் பின்னால் ஓடினாள். முதலில் வசந்தாமணி சிரித்தாள். அப்புறம் எல்லாரும்.

கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு மாரியாத்தாள் மூச்சு வாங்கினாள். அவருக்கு அவசரம் வந்ததே, அதுவும் சரியாக அந்த நிமிடத்தில். புருஷனின் வியாதிக்கு நன்றி சொன்ன முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தாள்.

நாலரைக்கு நாலாவது தடவை. மற்றவர் யாரும் எழவில்லை. திரும்பி வரும்போது அவர் முன்னால் நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத பன்னியை அவ்வப்போது கனைத்து விரட்டினார். மாரியாத்தாள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரே ராத்திரியில் சம்பந்தி, மாப்பிள்ளை, மகள், வாட்ச்மேன் எல்லார் முன்னாலும் மானம் போய்விட்டது. மனிதர் நிமிர்ந்துதான் நடக்கிறார். கஞ்சி போட்ட சட்டை இல்லாமல் வாசலுக்குக்கூட வராத ஆள். தன்னால் இப்படி ஒரு நாளும் முடியாது. இவரோடு முப்பத்தொரு வருடம் இருந்திருக்கிறோம், இந்தத் தைரியத்தைப் பார்த்ததில்லையே என்று தோன்றியது.

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள்.

"ஏனுங்க."

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. கயிறு, பாத்து வாங்க."

காலையில் நாச்சிமுத்து ஆரம்பித்தார். "சம்பந்தி, அடுத்தவாட்டி கக்கூஸைச் சுத்தியே டெண்டு போட்டுக்கலாமுங்க."

"போட்டா மொத டெண்டு எனக்கு," என்றார் குமாரசாமி. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

வசந்தாமணி மாரியாத்தாளைத் தனியாக இழுத்தாள். "அக்கா, ஆருகிட்டயும் சொல்லிராதீங்க. எனக்கும் ராத்திரி ரெண்டு தடவை போகோணுமுங்க. எப்புடிச் சமாளிக்கறதுன்னு நேத்து பூராப் பயந்துக்கிட்டே இருந்தேன். அண்ணன் புண்ணியத்துல கவுரவமாப் போச்சு. என்னமா மனசு அவருக்கு! கூச்சமே படலீங்களே."

"அவரு அப்புடித்தானுங்க," என்றாள் மாரியாத்தாள். பெருமையை மறைக்க முடியவில்லை.

"உங்களுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லீங்களா?"

"எனக்கா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

கிளம்புகிற நேரம். மாரியாத்தாள் ஒரு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு சாளைக்குப் போனாள். மாரப்பன் ராத்திரிப் போட்ட நெருப்பின் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, டீ குடிங்க. நாலு தடவை வந்து உங்க தூக்கத்தையும் கெடுத்துப்போட்டாரு எங்கூட்டுக்காரரு. தப்பா நெனச்சுக்காதீங்க, சீக்கு அப்புடி. நாளைக்கே கோயமுத்தூர்ல பெரிய டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிருவேன்."

மாரப்பன் டம்ளரை வாங்கிக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"சீக்குங்களா? நாலு தடவையும் சாரு இந்த நெருப்புகிட்ட ஒக்காந்து குளிர் காஞ்சாருங்க, உள்ளயே போகலீங்களே. 'எனக்கு ஒண்ணுமில்ல, முன்னால கதவு தொறக்கற சத்தம் கேட்டாச் சொல்லு'ன்னாருங்க."