கம்ப்யூட்டர் சொன்ன உறவு முறை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வியாதியைச் சொல்வதுபோல் சொல்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால்கூட நடுவில் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன். இப்படிப்பட்ட ஒருத்தி எம்.சி.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே மாதக்கணக்கில் வீட்டோடு இருந்தால் என்ன ஆகும்? என் அக்கா கல்யாணத்தில் ஆனதுதான் ஆகும்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தன. (நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்து நிறுத்தினார்கள் என்றே அப்போது நம்பினேன்.) அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்தது. பக்கத்து அறையில் தறி ஓட ஓட மானிட்டரும் கூடவே ஆடும். நானும் ஆடுவேன். அக்கா கலாவுக்குக் கல்யாணம் நிச்சயமான அந்த வாரம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே ஆள் அம்மா வழியில் மாமா, அப்பா வழியில் அண்ணன் என்று ஆகிக் கிடக்கும். கல்யாண வீட்டில் யாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்பதிலேயே பாதிச் சண்டை வரும். இதற்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிவிட்டேன். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. பெற்றவர், பிள்ளை, கணவன், மனைவி என்றால் புள்ளிக்குப் புள்ளி ஒரு கோடு. இரண்டு பேர் பெயரைக் கொடுத்தால், கோடு கோடாக நடந்துபோய் அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று அது சொல்லிவிடும். இரண்டு வழியில் இரண்டு முறை வந்தால் புதிய சம்பந்தத்துக்கே மரியாதை என்று விதியும் வைத்தேன். இன்று இதைக் கிராஃப் டேட்டாபேஸ் என்கிறார்கள், இதை வைத்துத்தான் எனக்குச் சம்பளமும் வருகிறது. அன்று எனக்கு அந்தப் பெயர் தெரியாது. நானே கண்டுபிடித்ததாக நினைத்துத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அத்தனை கோடும் நடந்து பதில் சொல்ல அந்த மெஷின் படாத பாடு படும். கேட்டவர் காபி குடித்து, வெற்றிலை போட்டு, கொட்டாவி விட்ட பிறகுதான் பதில் வரும். எனக்கா பொறுமை? எல்லாருக்கும் எல்லாரும் என்ன முறை என்று ஒரே மூச்சில் கணக்குப் போட்டு, பதில்களை உள்ளேயே சேமித்து வைத்துவிட்டேன். அப்புறம் கேட்ட மாத்திரத்தில் பதில். தெருவே அசந்துபோனது.

அந்தச் சமயம் பார்த்துப் பெரியப்பா மகன் முருகனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண், சேவூர் செல்வி. புதுக் கல்யாணம் என்றால் புதுக் கோடு. சேமித்து வைத்த பதில்கள் பழசாகிவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கணக்குப் போடலாம். ஆனால் எங்கள் ஊர் கரண்ட் அவ்வளவு நேரம் தொடர்ந்து இருக்காது. பாதியில் போய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

நெசவுக்காரர் வீட்டுப் பெண் என்ன யோசிப்பேன்? தறியில் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா அந்த ஓர் இழையைத்தான் எடுத்து முடிச்சுப் போடுவார். அதற்காக யாராவது முழுப் பாவையும் அவிழ்ப்பார்களா? அதே மாதிரி நானும் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, இந்த இரண்டு வீட்டுப் பதில்களை மட்டும் புதுசாகக் கணக்குப் போட்டு மாற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பெரியப்பா தனிக்குடித்தனம் போயிருந்ததால் எங்கள் வீடு அந்தக் கணக்கில் வரவில்லை. ஒரு கல்யாணம் இரண்டு வீட்டோடு நின்றுவிடும் என்று நம்பிய ஒரே ஆரணிக்காரி நானாகத்தான் இருப்பேன்.

செல்விக்கு ஓர் அண்ணன், பாலாஜி. சேவூரில் இன்வெர்ட்டர், யு.பி.எஸ். விற்கும் கடை வைத்திருந்தார். பார்க்க நன்றாகவே இருந்தார். (இதை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.) முருகன் கல்யாணத்துக்குப் பிறகு என் அம்மாவும் அவர் அம்மாவும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டார்கள். அண்ணியின் அண்ணன் என்றால் கட்டிக்கொள்கிற முறை. கலா கல்யாணம் முடிந்த கையோடு, அதே மண்டபத்தில் எங்கள் இருவருக்கும் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அது எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு ராத்திரித் தூக்கம் போயிருந்தது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்தே தீரவேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். வருகிறவர்கள் பெயரைச் சொன்னால் பெண்ணுக்கு அவர்கள் என்ன முறை என்று அது சொல்லவேண்டுமாம். டிபன் பந்தியை விட்டுவிட்டு அங்கே கூட்டம் கூடியது. கரண்ட் போனாலும் மெஷின் நிற்கக்கூடாது என்று பாலாஜியே ஒரு யு.பி.எஸ். தூக்கிக்கொண்டு வந்தார். மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைச் சொருகியவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

“உங்க ப்ரோக்ராம்ல நான் உங்களுக்கு இன்னாங்க முறை?”

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை நாலு பேர் பார்க்கத் தட்டுவதா? “அப்புறம் சொல்றேங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். அன்றைக்கு வெட்கப்படாமல் தட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

தாலி கட்டி முடிந்தது. அடுத்தது பொரியிடும் சடங்கு. பெண்ணின் கையில் அண்ணனோ தம்பியோ பொரி அள்ளிப் போட, அவள் அதை அக்கினியில் இடவேண்டும். எங்களுக்குக் கூடப்பிறந்த ஆண் பிள்ளை இல்லை. முருகன்தான் செய்வதாக இருந்தது. அவனுக்கோ அன்று காலையில்தான் அம்மை போட்டிருந்தது. புதுப் பெண் செல்வியும் அவனோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஐயருக்கு அடுத்த முகூர்த்தம் வேறு இடத்தில். “அண்ணன் முறை யாருங்க, சீக்கிரம்” என்று அவர் கேட்க, எங்கள் சந்தவாசல் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கையைத் தூக்கினார்.

“ஏன் பேஜார் பண்ணிகினு இருக்கீங்க? அதான் கம்ப்யூட்டர் இருக்குதே!”

பெயரைத் தட்டி, முறையைத் தட்டி, என்டர் அடிக்கவேண்டும் என்று மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வாசலுக்கு ஓடி, கலா பெயரையும் அண்ணன் முறையையும் தட்டினார். சேமித்து வைத்த பதில் சட்டென்று வந்து விழுந்தது. அம்மாவின் தங்கை புருஷனுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மகன் என்ற பழைய வழியில், முருகனை விட்டால் கலாவுக்கு மிகக் கிட்டத்து அண்ணன், சேவூர் பாலாஜி. மாமாவுக்குப் பரம திருப்தி. அவருக்குப் பாலாஜி அந்த வழியில்தான் பழக்கம். எங்கள் அம்மாக்களின் ரகசியப் பேச்சு அவர் காதுக்கு வந்திருக்கவில்லை. ஓடிவந்து நாகஸ்வரக்காரரின் மைக்கைப் பிடுங்கினார்.

“சேவூர் பாலாஜி, சேவூர் பாலாஜி! எங்க இருந்தாலும் ஜல்தியா மேடைக்கு வாப்பா. பொண்ணுக்கு நீதான் அண்ணன்!”

மாடியில் அக்காவின் மாற்றுப் புடவையைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது. கலாவுக்கு அண்ணன் என்றால் எனக்கும் அண்ணன். அக்கினி சாட்சியாக ஒருமுறை பொரி போட்டுவிட்டால், அப்புறம் தட்டு மாற்றுவதாவது, மண்ணாங்கட்டியாவது! கையில் புடவையோடு படியில் இறங்கினேன் என்று சொல்லக்கூடாது, உருண்டேன்.

மேடையில் பாலாஜி பொரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பெரியவர்கள் கூப்பிட்டார்கள், வந்துவிட்டார். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அவர் அம்மா முதல் வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். என் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்குள் பேசி வைத்ததை இந்த நேரத்தில் எப்படி உடைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. வீடியோக்காரர் விளக்கைப் பாலாஜியின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். பாலாஜி பொரியில் கை வைத்தார்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

மாமா மைக்கை இறக்காமலே கேட்டார். “இன்னாம்மா உமா, இன்னா?”

“மாமா, அவர் அண்ணன் இல்ல.”

“கம்ப்யூட்டரே சொல்லுதும்மா. நீ செஞ்சதுதானே?”

“கம்ப்யூட்டர் தப்பு மாமா!”

காலையிலிருந்து அந்த மெஷினிடம் முறை கேட்டு, இருபது வருஷத்துச் சண்டைகளை முடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நாற்காலியில் அப்படியே சாய்ந்தார்.

“அப்ப இவரு யாரு?” மாமா விடவில்லை.

என்னமோ ஆயிற்று எனக்கு. மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கி, மண்டபம் அதிரச் சொன்னேன். “இவர் செல்வி அண்ணியோட அண்ணன்! எனக்கு முறை மாப்பிள்ளை!”

நாகஸ்வரக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டார். தவில்காரருக்கு அந்தப் பண்பும் இல்லை, ஒரு தட்டுத் தட்டினார். நெருப்புக்கு முன்னால் நான் நின்ற நிலையில், ஐயர் என் பக்கமாக ஒரு கரண்டி நெய் விட்டிருந்தால் நன்றியோடு எரிந்துபோயிருப்பேன். பாலாஜி தட்டைக் கீழே வைக்காமல், மிக மரியாதையாகக் கேட்டார்.

“அப்ப நான் இறங்கட்டுங்களா, இருக்கட்டுங்களா?”

“இறங்குப்பா, இறங்கு! நீ அப்புறமா ஏறணும்!” என்றார் அவர் அம்மா. மண்டபமே சிரித்தது.

பாலாஜிக்கு அடுத்தபடியாக, ஒரு கோடு தள்ளி நின்ற அண்ணன், வெம்பாக்கம் ஏகாம்பரம். அப்பாவின் தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர் இருந்தார், அவருடைய கொள்ளுப்பேரன். முறைக்குத்தான் அண்ணன். வயதில் என் அப்பாவுக்கும் மூத்தவர். பந்தியில் இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருந்தவரைக் கையலம்பக்கூட விடாமல் தூக்கிவந்தார்கள். பொரியோடு கொஞ்சம் தேங்காய்ச் சட்னியும் அக்கினிக்குப் போனதாக அக்கா இன்றும் சொல்கிறாள்.

அன்று மதியமே எங்களுக்குத் தட்டு மாற்றினார்கள். ஊருக்கே சொல்லியாகிவிட்டது, இனி ஒளிப்பதற்கு என்ன? எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. முறை மாப்பிள்ளை கிடைத்தும், ப்ரோக்ராம் தப்பாகிவிட்டதே என்று உள்ளுக்குள் அரித்தது. எங்கே நிறுத்தினேன் என்பதுதான் தப்பு. புதுக் கோடு விழுந்த இடத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாக விசாரித்துக்கொண்டே போயிருக்கவேண்டும். எங்கே பதில் மாறவில்லையோ அங்கே நின்றிருக்கவேண்டும். அப்படிப் போனால் முழுதையும் அவிழ்க்கவும் வேண்டாம், ஒரு மாற்றம் விட்டும் போகாது. நானோ எனக்குத் தோன்றிய இடத்தில் நின்றுவிட்டேன். பிற்பாடு வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதை அப்படியே சொன்னேன். கேட்டவர்கள் பொரித் தட்டு வரைக்கும் சிரித்தார்கள், மைக் வந்ததும் வேலை கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த வீடியோ இருக்கிறதே. மாமா மைக்கில் சொன்னதைக் கேட்டு, வீடியோக்காரர் பாலாஜி முகத்துக்குக் கீழே இதய வடிவத்துக்குள் “மணமகளின் அண்ணன்: திரு. பாலாஜி” என்று எழுத்து ஓடவிட்டிருந்தார். கேசட்டை சி.டி.யாக மாற்றும்போது அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் தலையைச் சொறிந்தார். “அத்த மட்டும் எடுக்கலாங்க மேடம். ஆனா பின்னால பாட்டு எல்லாம் நகர்ந்துடும். முழுசா திரும்பப் பண்ணணும்.” அந்த வார்த்தையை எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் எல்லாரும் கூடி அதைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த எழுத்து வந்ததும் மொத்த வீடும் சேர்ந்து சத்தமாகப் படிக்கும். ஏகாம்பரம் அண்ணனுக்கு மட்டும் கோபம் இன்னும் ஆறவில்லை. “பொரி போட்டது நானு. பேரு அவனுக்கா? இவ்ளோ படிச்சிருக்கியே, மாத்திக் குடும்மா” என்று வருஷா வருஷம் என்னிடம் முறையிடுவார்.

“மாத்திகினே இருக்கேண்ணா” என்பேன்.

உடனே உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வரும். “தங்கச்சி, அண்ணனுக்குக் காபி குடும்மா.”