இல்லப்பணிப் பாடத்தில் கரடிக்குட்டி வாங்கிய மதிப்பெண்

ஒரு காட்டில் மரகதம் என்று ஒரு கரடி இருந்தாள். எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால், உங்கள் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைக்குமா என்று விண்ணப்பம் வாங்க வரிசையில் போய் நிற்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

மரகதத்துக்கு ஒரு கணவன், பெயர் சிங்காரம். ஒரு பையன், பெயர் பரிதி, மூன்றாம் வகுப்பு. குடியிருக்க ஒரு குகை. இந்த மூன்றையும் அவள் ஒருத்தியே கழுவித் துடைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். சிங்காரம் நல்லவன்தான். காலையில் தேன் எடுக்கப் போனால் பொழுது சாயத்தான் வருவான். வந்ததும், "ஏதாச்சும் ஒத்தாசை பண்ணவா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். கேட்டதே ஒத்தாசை என்பது அவன் எண்ணம்.

ஒரு மழை நாளில் மரகதம் ஆற்றங்கரைப் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. குரங்கு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டார்.

"நல்லா கேட்டுக்கங்கம்மா. எலும்பு கூடுற வரைக்கும் இந்தக் கையால ஒரு வேலையும் ஆகாது. துடைப்பம், குடம், எதையும் தொடாதீங்க. தொட்டீங்கன்னா எலும்பு கோணலாக் கூடிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

மரகதம் கணவனைப் பார்த்தாள். சிங்காரம், "ஐயோ பாவம்" என்றான். பிறகு அவள் மகனைப் பார்த்தாள்.

அப்படித்தான் பரிதிக்கு வீட்டு வேலை பழக்குவது தொடங்கியது. மரகதம் பெரிய திட்டமெல்லாம் போடவில்லை. எழுந்ததும் படுத்த பாயைச் சுருட்டி வைக்க வேண்டும். பல் விளக்கியதும் குகையைப் பெருக்க வேண்டும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும். சாயங்காலம் ஒரு சின்னக் குடத்தில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். தினமும் அதே நேரம், அதே வரிசை. அவ்வளவுதான்.

முதல் நாள் பரிதி குப்பையை எல்லாம் கூட்டிப் பாய்க்கு அடியில் தள்ளினான். இரண்டாம் நாள் குடத்தை உடைத்தான். மூன்றாம் நாள் தட்டைக் கழுவுகிறேன் என்று ஆற்றில் விட்டுவிட்டு, அது மிதந்து போகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றான். துடைப்பத்தைப் பிடுங்கித் தானே பெருக்கிவிட மரகதத்துக்குக் கை பரபரத்தது. கட்டுப் போட்ட கை என்பதால் பரபரப்பதோடு நின்றது. அவள் பொறுமைசாலி ஒன்றும் இல்லை. வேறு வழி இல்லாததால் பொறுத்துக்கொண்டாள். பையனும் கற்றுக்கொண்டான்.

மூன்றாவது வாரத்தில் சொல்லாமலே செய்தான். "அம்மா, மூலையில இருந்து ஆரம்பிச்சா குப்பை எங்கயும் ஓட முடியாதும்மா" என்று தானே கண்டுபிடித்துச் சொன்னான். ஐந்தாவது வாரத்தில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அடிப்பிடிக்காமல் தினைக் கஞ்சி காய்ச்சினான். மரகதத்துக்கு அவ்வளவு சந்தோஷம். கை உடைந்ததே நல்லதாய்ப் போயிற்று என்றுகூட ஒரு நாள் நினைத்தாள்.

பழைய காலத்துக் கதையாக இருந்தால் இங்கேயே ஒரு நீதியை எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் மரகதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாள்.

ஆலமரத்தடியில் வரிசை நீளமாக இருந்தது. அவளுக்கு முன்னால் நின்ற முயல் வைஜெயந்தி திரும்பி, "எங்க தருண் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாச் சொல்றான்க்கா" என்றாள். அவள் எல்லா வரிசையிலும் இப்படித்தான் பொழுதைப் போக்குவாள்.

மரகதம் சும்மா இருந்திருக்கலாம். "எங்க பரிதி தட்டைக் கழுவிடுறான். குகையைப் பெருக்குறான். கஞ்சிகூடக் காய்ச்சுறான்" என்றாள்.

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒற்றைக் காலில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை நாரைக்கும் அது காதில் விழுந்தது. "அருமை! இதை விடக்கூடாது. பள்ளி முழுக்கக் கொண்டுவந்தே ஆகணும்" என்றார்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. இந்த ஆண்டு முதல் 'இல்லப்பணி' என்று புதுப் பாடம். எழுத்துத் தேர்வுக்கு எண்பது மதிப்பெண், செய்முறைக்கு இருபது. செய்முறைக்குப் பெற்றோர் எடுத்து அனுப்பும் புகைப்படமே போதும். தன் பையனால் ஒரு பாடமே வந்துவிட்டதே என்று மரகதம் அந்தச் சுற்றறிக்கையைக் குகைச் சுவரில் ஒட்டி வைத்தாள்.

முதல் பருவத் தேர்வு நடந்தது. 'பெருக்குதல் என்றால் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். பரிதி எழுதினான்: 'குப்பை இருக்கும். அதைக் கூட்டி வெளியே போட வேண்டும்.' 'துடைப்பத்தின் வகைகள் யாவை?' என்ற கேள்விக்கு, 'எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது' என்று எழுதினான். எண்பதுக்குப் பதினொன்று வந்தது. தாளின் ஓரத்தில் சிவப்பு மையில், 'சொந்தமாக எழுதாதே' என்று எழுதியிருந்தது.

துடைப்பத்தைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த தருண் முயலுக்கு எழுபத்தேழு.

மரகதம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சிங்காரம், "நம்ம பையன் நல்லாத்தானே பெருக்குறான்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"பெருக்கி என்ன பிரயோஜனம்? எழுத வரலையே!" என்று அழுதாள் மரகதம்.

வைஜெயந்திதான் வழி சொன்னாள். அவளும் தாய்தானே. "குயில் கோகிலா மிஸ்கிட்ட சேர்த்துவிடுங்கக்கா. இல்லப்பணிக்குன்னே தனியா டியூஷன் எடுக்குறாங்க. எங்க தருண் அங்கதான் போறான்."

குயில் கூடு கட்டியதில்லை. முட்டையைக்கூடக் காக்கையின் கூட்டில்தான் இட்டுவிட்டு வரும். சிங்காரம் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டான். "சொந்தமா ஒரு வீடு இல்லாதவங்க எப்படி வீட்டு வேலை சொல்லிக்குடுப்பாங்க?"

"வீடு, புள்ளைன்னு இருந்தா மிஸ்ஸுக்குக் கவனம் சிதறாதா? நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் மரகதம். நானும் பிள்ளையை டியூஷனில் சேர்த்தவன்தான். அந்தப் பதில் அன்றைக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும்.

டியூஷன் காலை ஐந்து மணி முதல் ஏழு வரை, மாலையும் ஐந்து முதல் ஏழு வரை. கோகிலா மிஸ் கிளையில் உட்கார்ந்து இனிமையான குரலில் சொல்லச் சொல்ல, கீழே குட்டிகள் எல்லாம் கோரஸாகச் சொல்லும். "பெருக்குதல் என்பது தரைப்பரப்பில் பரவிக் காணப்படும் தேவையற்ற பொருட்களைத் தகுந்த கருவியின் துணைகொண்டு ஓரிடத்தில் திரட்டி அப்புறப்படுத்தும் செயலாகும்."

முதல் வாரம் பரிதி டியூஷன் முடிந்து வந்ததும் பழக்கப்படி துடைப்பத்தை எடுத்தான். மரகதம் ஓடிவந்து பிடுங்கினாள்.

"படிக்கிற நேரத்துல என்னடா துடைப்பம்? வை அதை. போய்ப் பெருக்குதலைப் படி."

"பெருக்கிட்டுப் படிக்கிறேனேம்மா."

"ஒண்ணும் வேணாம். பரீட்சைல நீ பெருக்கினியான்னு எவன் கேக்கப்போறான்?"

பிறகு அவளே பெருக்கினாள். முதலில் இடது கையால் பெருக்கினாள். இடது கைக்குத் துடைப்பம் வசப்படவில்லை. அதனால் வலது கையையும் சேர்த்துக்கொண்டாள். கட்டு இறுக்கமாக இருந்ததால் கொஞ்சம் தளர்த்தினாள். தண்ணீரில் நனைந்ததால் ஒரு நாள் அவிழ்த்தே வைத்தாள்.

சிங்காரம் அதைப் பார்த்துவிட்டு, "நான் வேணா தட்டைக் கழுவவா?" என்றான். இந்தத் தடவை எழுந்தேவிட்டான். அதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன்.

"தட்டு கிடக்கட்டும். நீங்க பையனைக் கேள்வி கேளுங்க" என்று மரகதம் அவன் கையில் நோட்ஸைக் கொடுத்தாள்.

அன்று முதல் சாயங்காலங்களில் அந்தக் குகையில் ஒரு ஒழுங்கு வந்தது. அப்பா கேட்பார்: "தட்டு கழுவுதலின் நன்மைகள் ஐந்து?" பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஐந்தையும் சொல்லும். அம்மா மூலையில் உட்கார்ந்து தட்டுக் கழுவுவாள்.

செய்முறைப் புகைப்படம் எடுக்கப் பக்கத்து மரத்து அணில் வந்தது. குகை சுத்தமாக இருந்ததால், "குப்பை தெரியலையே" என்றது. மரகதம் வெளியிலிருந்து சருகுகளை அள்ளிவந்து பரப்பினாள். "துடைப்பத்தைப் பிடிடா. குனி. இந்தப் பக்கம் பார்த்துச் சிரி. போதும், குடு." சருகுகளை அவளே பெருக்கி வெளியே தள்ளினாள். இருபதுக்கு இருபது கிடைத்தது.

கை வீங்கியது. வைத்தியர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா இது? எலும்பு பாதி கூடினது மறுபடி விலகியிருக்கு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஜென்மத்துக்கும் கோணல்தான்."

"முழுப் பரீட்சை முடியட்டுங்க. அப்புறம் கையைப் பார்த்துக்கிறேன்" என்றாள் மரகதம்.

முழுப் பரீட்சை நாளும் வந்தது. சிங்காரம் விடியற்காலையிலேயே தேனுக்குப் போய்விட்டான். பரிதி குளித்து, ஹால் டிக்கெட்டைக் கழுத்தில் மாட்டி, இரண்டு பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு தயாராக நின்றான். மரகதம் தண்ணீர்ப் பானையைத் தூக்கினாள். மணிக்கட்டில் ஏதோ சடக்கென்றது. பானை ஒரு பக்கம் விழ, அவள் ஒரு பக்கம் மயங்கி விழுந்தாள்.

பரிதி ஓடிப்போய் வைத்தியரை இழுத்துவந்தான். அவர் கட்டுப் போட்டு, மருந்து புகட்டி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் கொதிக்குது. முழிச்சதும் சூடா ஏதாச்சும் உள்ள போகணும். வீட்டுல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றான் பரிதி.

வைத்தியர் போனதும் பள்ளியில் முதல் மணி அடித்தது. பரிதி வாசலுக்குப் போய்ப் பார்த்தான். மற்ற குட்டிகள் எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே ஆலமரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது மணியும் அடித்தது. அவனுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழுதான். பிறகு ஹால் டிக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கினான். ஈரத்தைத் துடைத்தான். மூலையிலிருந்து ஆரம்பித்துக் குகையைப் பெருக்கினான். அடுப்பை மூட்டித் தினையைப் போட்டான்.

அவன் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஆலமரத்தடியில் வினாத்தாள் கொடுத்தார்கள். கடைசிக் கேள்வி பத்து மதிப்பெண்: 'தாய் நோயுற்றிருக்கும் வேளையில் பிள்ளைகள் ஆற்ற வேண்டிய கடமைகளை விவரிக்க.' தருண் முயல் பன்னிரண்டு குறிப்புகள் எழுதி, கூடுதல் தாளும் வாங்கினான். அவன் நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மரகதம் கண் விழித்தாள். பரிதி அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, ஊதி ஊதிக் கஞ்சியைக் கொடுத்தான். கஞ்சி பதமாக இருந்தது. உப்புகூட அளவாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அவள் பக்கத்தில் இருந்து சொல்லாமல் இன்னொருவர் தானாகச் சமைத்து ஊட்ட, அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என் பிள்ளை, என் பிள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிண்ணம் காலியாகும் வரை குடித்தாள்.

அப்போதுதான் ஆணியில் தொங்கிய ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள்.

"டேய்! இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமைம்மா."

"அடப்பாவி! இல்லப்பணிப் பரீட்சைடா இன்னைக்கு! ஒரு வருஷப் படிப்பைப் பாழாக்கிட்டு இங்க உக்காந்து கஞ்சியா காய்ச்சிக்கிட்டு இருக்கே?"

"நீ விழுந்துட்டேம்மா."

"விழுந்தா எந்திரிக்க மாட்டேனா? ஊருல எந்த அம்மா விழாம இருக்கா?"

மறுநாள் காய்ச்சலோடு காய்ச்சலாக அவனை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மறுதேர்வு விண்ணப்பம் வாங்க ஒரு வரிசை, கொடுக்க ஒரு வரிசை. இரண்டிலும் நின்று நாரையிடம் போய்ச் சேர்ந்தாள்.

"தேர்வுக்கு வராததற்குக் காரணம்ங்கிற கட்டம் காலியா இருக்கே" என்றார் நாரை.

"எனக்கு உடம்பு முடியலைங்க மேடம். அதான் பையன் வீட்டு வேலையெல்லாம் பார்த்துக்கிட்டு..."

நாரை பதறிப்போய்க் காலை மாற்றி ஊன்றினார். "ஐயோ, அதை வெளிய சொல்லாதீங்க! வீட்டு வேலை செஞ்சதால இல்லப்பணித் தேர்வுக்கு வரலைன்னு எழுதினா, குழந்தையை வேலை வாங்கினதா உங்க மேலயே விசாரணை வரும். எங்க பள்ளிக்கும் கெட்ட பேரு. காய்ச்சல், வயித்துப்போக்கு, நெருங்கின உறவினர் மரணம். இந்த மூணுல ஒண்ணை எழுதுங்க. மறுதேர்வு கிடைக்கும்."

மரகதத்தால் பேனா பிடிக்க முடியவில்லை. "நீயே எழுதுடா" என்றாள்.

பரிதி அம்மாவைப் பார்த்தான். "எனக்கு வயிறு நல்லாத்தானேம்மா இருக்கு?"

"சொன்னதை எழுது."

அவன் குண்டு குண்டாக, பிழையில்லாமல், 'வயிற்றுப்போக்கு' என்று எழுதினான்.

மறுதேர்வில் பரிதிக்கு எண்பதுக்கு எழுபத்தெட்டு வந்தது. தாயைக் கவனிக்கும் கடமைகளில் பதினான்கு குறிப்புகள் எழுதி தருணை மிஞ்சிவிட்டான். அதற்குப் பிறகு அவன் எந்த வேலைக்கும் எழுந்ததில்லை. எழுந்தாலும் யாரும் விடுவதில்லை.

வைத்தியர் சொன்னபடியே எலும்பு கோணலாகக் கூடியது. விரல்கள் முழுதாக மடங்குவதில்லை, விரிவதும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு தாளைச் செருகினால் விழாமல் நிற்கும். மரகதம் அந்தக் கையில்தான் மதிப்பெண் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, காட்டில் வீடு வீடாகப் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

நீதி: பிள்ளைகளுக்கு வீட்டு வேலையைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். அவர்கள் அதைச் செய்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.