பேனர் இல்லாத தூக்கம்

அடையாறுப் பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் களைத்துப்போயிருப்பதாக நிர்வாகத்துக்குத் தெரியவந்தது. ஒரு வாரம் லீவு விட்டால் தீர்ந்தது என்று நம்மைப் போன்றவர்கள் நினைப்போம். நிர்வாகம் அப்படி அவசரப்படவில்லை. முதலில் ஒரு குழு போட்டது. குழு கூடி, ‘துடிப்பான ஓய்வு வாரம்’ என்று பெயர் வைத்து, முனைவர் தனபாலனை ஓய்வு ஒருங்கிணைப்பாளராக நியமித்தது. அன்றிலிருந்து பாவம், அந்த மனிதர் சரியாகத் தூங்கவில்லை.

சுற்றறிக்கை வந்தது. மேற்படி வாரத்தில் மாணவர்கள் யாவரும் தவறாது ஓய்வெடுத்தல் வேண்டும். காலையில் கடற்கரையில் யோகா, மாலையில் மயிலாப்பூர் மாடவீதியில் மௌன நடை, இடையில் கோட்டூர்புரத்தில் வாசிப்பு. ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் பதிவான போட்டோ அனுப்ப வேண்டும், அதில் பின்னால் ஓய்வு வாரத்தின் பேனர் தெரிய வேண்டும். செல்போன் தொடாத நாளன்று, தொடவில்லை என்பதற்கு மணிக்கொரு செல்ஃபி அனுப்ப வேண்டும். ஓய்வெடுக்கத் தவறுவோருக்கு வருகைப் பதிவு கிடையாது.

பாலவாக்கம் ஜான்சிக்கு ஏற்கெனவே வருகை குறைவு. இன்னும் கொஞ்சம் போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஆனால் அந்த வாரத்துக்கு அவள் வேறு ஏற்பாடு செய்திருந்தாள். அவளுடைய அம்மா ரோஸிக்கு மீன் கடையில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் படுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மகள் பார்த்துக்கொள்வது, அம்மா படுப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். நல்ல பெண்தான் ஜான்சி, குறை சொல்ல முடியாது.

அவள் தனபாலனுக்குப் போன் போட்டாள்.

“சார், கடையில உக்காந்துகிட்டே ஓய்வெடுத்துக்கலாமா?”

“வியாபாரம் ஓய்வுல வராதும்மா.”

“அப்ப வீட்ல தூங்குறேன் சார்.”

“பேனர் வச்சிருக்கியா?”

“இன்னும் வாங்கல சார்.”

“பேனர் இல்லாமத் தூங்கினா அது தூக்கமே இல்லம்மா. சும்மா கண்ண மூடிட்டிருக்கேன்னுதான் அர்த்தம்.”

ஜான்சி பேனர் வாங்கிக்கொண்டாள். மறுநாள் கடற்கரையில் ஒருவர் கண்ணை மூடித் தியானம் செய்ய, இருவர் காற்றில் பேனரைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட, நாலாவது ஆள் போட்டோ எடுத்தார். கோட்டூர்புரத்தில் நூலக வாசலிலேயே வாசிப்பு முடிந்தது. பேனரோடு உள்ளே போக முடியாதே. மகள் இப்படி ஓய்வெடுக்கப் போன நேரமெல்லாம் அம்மா கடையில் நின்றாள்.

ஜான்சி மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது ரோஸி கேட்டாள். “இன்னாடி இது, சுருட்டிக்கினு சுத்துற?”

“பேனரும்மா. ரெஸ்ட் எடுக்குறதுக்கு.”

“நல்ல கெட்டியா கீது. மேல கட்டு. மீனுக்கு வெயில் படாம இருக்கும்.”

கட்டினாள். நிழல் விழுந்தது. ரோஸி காலைத் தூக்கி ஐஸ் பெட்டி மேல் வைத்தாள், அப்படியே சாய்ந்தாள், தூங்கிவிட்டாள். அந்த வாரம் முழுவதிலும் உண்மையாக ஓய்வெடுத்தவள் அவள் ஒருத்திதான். ஜான்சி பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டியபடி, தூங்கும் அம்மாவும் விழும்படி ஒரு செல்ஃபி எடுத்தாள். பேனர் இருந்தது, இடம் நேரம் எல்லாம் இருந்தது. அனுப்பி வைத்தாள்.

தனபாலனே கூப்பிட்டார். “பிரமாதம்மா! அந்த முகத்துல என்ன அமைதி! எங்க பயிற்சி எடுத்தாங்க?”

“மீன் கடையில சார்.”

“நிறைவு விழாவுக்கு அவங்கதான் சிறப்பு விருந்தினர். கூட்டிட்டு வந்துடு, உனக்கு வாரம் முழுக்க வருகை போட்டுடறேன்.”

ஜான்சி விரல்விட்டுத் தன் வருகையைக் கணக்குப் போட்டாள். பிறகு அம்மாவிடம் சொன்னாள்: “ஒரு மணி நேரந்தாம்மா. சும்மா உக்காந்துட்டு வந்துடலாம்.”

விழாவில் வாழ்த்துப் பாட்டுக்கு ரோஸி நின்றாள். குத்துவிளக்கு ஏற்ற நின்றாள். பொன்னாடைக்கு நின்றாள், நினைவுப் பரிசுக்கு நின்றாள். ஒவ்வொரு துறையும் வந்து படம் எடுத்துக்கொள்ளும்வரை நின்றாள். மேடையில் அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலி பெரியது, வெல்வெட் தைத்தது. ஓய்வின் மேன்மை பற்றி துணைவேந்தர் பேசி முடித்ததும், இனியாவது உட்காரலாம் என்று அவள் திரும்பினாள்.

“அம்மா, ஒரு நிமிஷம்,” என்றார் தனபாலன். “போட்டோல இடம் பதிவாகல. இன்னொரு தடவ எல்லாரும் நில்லுங்க.”

ரோஸி கூட்டத்தில் மகளைத் தேடினாள். முன்வரிசையில் எழுந்து நின்ற ஜான்சி, செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினாள்.

“அம்மா, பொடவைய கொஞ்சம் எறக்கி விட்டுக்கோ. கால் வீக்கம் தெரியுது.”

ஜான்சிக்கு அந்த வாரம் முழு வருகை.