டீ மாஸ்டரும் தெலுங்குக்குப் பழகிய பாய்லரும்

தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரியை நிறுத்த பிரேக்கே தேவையில்லை. எங்கள் டீ மாஸ்டர் ஒரு அதட்டல் போட்டால் போதும். அவருக்குப் பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். பக்கத்துப் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் எனக்கே அது தெரியாது.

பெங்களூர் டிரைவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், மனைவியிடமும் பாய்லரிடமும் தெலுங்கு. பாய்லர் லேசாகச் சீறினால் தெலுங்கில் திட்டு விழும், அதுவும் அடங்கிவிடும். சர்க்கரை இல்லாமல் டீ கேட்டவன் தொலைந்தான். "அதுக்கு சுடுதண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார். நான் தினமும் கேட்பேன், தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன வருஷம் கடையிலேயே சரிந்துவிட்டார். மூளையில் ரத்த அடைப்பு. ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தது, பேச்சுதான் வரவில்லை. டாக்டர் தமிழில் பெயர் கேட்டார். மாஸ்டர் சுவரைப் பார்த்தார். மனைவி தமிழில் கேட்டார், நானும் கேட்டேன். அதே சுவர்தான். இனி பேசவே மாட்டாரோ என்று பயந்துவிட்டேன்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். தெலுங்கு தெரியாதவர்கள் முன்னால் தங்களுக்குள் தெலுங்கு பேசினால் மரியாதைக் குறைவு; பாய்லர் மட்டும் கணக்கில் வராது. வார்டில் எந்நேரமும் நர்ஸோ நானோ இருந்தோம். அதனால் அந்த அம்மா கட்டிய புருஷனிடம் மறந்தும் வீட்டு பாஷை பேசவில்லை.

ஒரு நாள் காலை, மனைவி கேன்டீன் டீயை ஊட்டினார். மாஸ்டர் அப்படியே துப்பினார், அந்த அம்மாவின் நல்ல சேலை மேல். பொறுமை போய்விட்டது.

"நோரு லேதா நீக்கு?" உனக்கு வாயில்லையா என்று தெலுங்கில் கத்திவிட்டார்; அர்த்தம் பிறகு அவரே சொன்னது.

"இதி டீனா?" என்றார் மாஸ்டர். இதெல்லாம் ஒரு டீயா என்று, அட்சர சுத்தமாக.

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். ஓடிவந்த டாக்டரும் சிரித்தார். "ரெண்டு பாஷையும் ஒரே மூளையிலதாங்க இருக்குது. அடிபட்டா சில பேருக்கு ஒண்ணு முந்திக்கும். தெலுங்குலயே பேச்சுக் குடுங்க, தமிழும் மெல்ல வரலாம்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடை மறுபடி திறந்தாயிற்று. பாய்லருக்குத் திட்டு தாராளமாக விழுந்தது. எங்களுக்கு மட்டும் தலையாட்டல்தான். போன வாரம் வழக்கம்போல, "சக்கரை இல்லாம ஒண்ணு போடுங்க மாஸ்டர்" என்றேன்.

முறைத்தார். உதடு அசைந்தது. வார்த்தையைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"சுடுதண்ணி... குடிச்சிட்டு... போங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சர்க்கரை போட்டே குடித்தேன்.