போனுக்குப் பொய் சொன்ன பிளாஸ்டர் அண்ணை

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இப்போது மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். கைத்தொலைபேசிக்கு ஒரு உண்மையும் சொல்லாமல் வாழ்ந்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் நெடுந்தீவுப் பிளாஸ்டர் அண்ணை ஒருவர்தான்.

பக்கத்து வளவுக்காரர், மாடு வளர்த்தவர். போனின் கமராக்களில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை ஒட்டியிருப்பார். அதனால் அந்தப் பெயர். எல்லாரும் படம் போட்டு லைக் வாங்குகிற இடத்தில் அவரும் சேர்ந்தார். வயது இருபத்திரண்டு, ஊர் நுவரெலியா, தொழில் நடன ஆசிரியை என்று பதிந்தார். பெயரை மட்டும் ஏனோ மாற்றவில்லை. பிறகு அவருடைய போன் முழுக்க நகப்பூச்சும் கலியாணச் சேலையும்தான் விளம்பரம்.

"பாத்தியே பிள்ளை, நம்பிட்டுது!" என்று மாட்டுக்கொட்டிலில் நின்று துள்ளுவார்.

போன் பக்கத்தில் இருந்தால் வாயாலும் உண்மை வராது. "எனக்குக் கருவாடு கண்ணிலை காட்டேலாது!" என்று கத்திக்கொண்டே, இரண்டு துண்டு தா என்று கையால் கேட்பார்.

"ஏன் அண்ணை இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன். போனை வைக்கோலுக்குள் புதைத்துவிட்டு வந்து சொன்னார்.

"உது ஆருக்கு ஆரைத் தெரியுமெண்டு எல்லாம் சேர்த்து வைக்குது. என்னைத் தங்கச்சிக்குக் காட்டிக் குடுத்தால், எந்த முகத்தோடை கதைக்கிறது?"

தங்கச்சி கனடாவில். அவள் விரும்பினவனைக் கட்டியபோது இவர் கலியாணத்துக்குப் போகவில்லை. முப்பது வருசமாக ஒரு கதையும் இல்லை.

பிழை விட்டது நான். ஒருநாள் என் போன், உங்களிடம் உள்ள நம்பர்களைப் பார்க்கலாமா என்று கேட்டது. வாசல் படலையடியில் வந்து கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. ஓம் என்று அமத்திவிட்டேன். அதற்குள் அவர் நம்பரும் இருந்தது, எப்போதாவது என்னோடு கதைக்கிற தங்கச்சியின் நம்பரும் இருந்தது. அது இரண்டையும் முடிச்சுப் போட்டு, இவரைத் தெரியுமா என்று கனடாவுக்குக் காட்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் பாய்ந்து வந்தார். "நீதானே பிள்ளை என்னை வித்தது? காலமையிலையிருந்து அவள் அடிக்கிறாள்!"

"அது மரியாதையாய்க் கேட்டுது அண்ணை..."

சொல்லி முடிக்கவில்லை, அவர் கையில் மறுபடி மணி அடித்தது. அவர் எடுக்கவில்லை. ஆட்களை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிற நான், எட்டிப் பச்சையை அமத்தினேன்.

"அண்ணை, நீங்கள் எப்ப டான்ஸ் ரீச்சர் ஆனனீங்கள்?" என்று போனுக்குள் தங்கச்சியின் குரல்.



"இருட்டாய்க் கிடக்கு. முகத்தைக் காட்டுங்கோவன்."

பிளாஸ்டரை உரிக்கச் சொல்லி அவர் போனை என் பக்கம் நீட்டினார். நான்தான் உரித்தேன். அண்ணனும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"உன்ரை கலியாணத்துக்கு வராமல் விட்டது என்ரை பிழை," என்றார். போனுக்கு அவர் சொன்ன முதல் உண்மை.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் பிளாஸ்டர் கழலும். கதைத்து முடிய, புதிது ஒன்று ஒட்டுவார்.

போன மாரியில் அவர் கண்ணை மூடினார். போன மாதம் என் போன், இன்று இவருக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள் என்றது. அதுவும் பொய்த் தேதிதான். வாழ்த்தினேன்.

நான் எழுதினதில் வருசமோ வயதோ பிழைத்திருந்தால், ஊரில் ஆரிடமாவது விசாரித்துத் திருத்திவிடுங்கள். போனில் மட்டும் தேடாதேயுங்கள். அவர் செத்தது அதற்கு இன்னும் தெரியாது.