மூன்று கர்சீப் படம்

மைசூரில் உருதுப் படங்களை ஓட வைத்ததும் பெட்டிக்குள் சுருள வைத்ததும் பம்பாய்க்காரர்கள் அல்ல. மண்டி மொஹல்லாவில் சட்டை தைத்துக்கொண்டிருந்த கர்சீப் பாய்தான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். பாய் வாணியம்பாடியிலிருந்து வந்தவர். எங்களோடு தமிழ், வீட்டில் உருது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் புதுப் படத்தின் மேட்னிக்கு மூன்று கர்சீப்போடு கிளம்புவார். அவர் அழ ஆரம்பித்தால் முன் வரிசைக்காரர்கள் கூரை ஒழுகுகிறது என்று இடம் மாறி உட்காருவார்கள். சனிக்கிழமை காலை, நனைந்தவற்றை மட்டும் அலசிக் கடை வாசல் கொடியில் போடுவார். அதைப் பார்த்துத்தான் தெருவே டிக்கெட் வாங்கும். ஒன்று தொங்கினால் போகலாம். இரண்டு என்றால் குடும்பத்தோடு போகலாம். மூன்று என்றால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போகலாம். கொடி காலியாக இருந்தால் தியேட்டர் மேனேஜரே வந்து, பாய்க்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்.

நான் அப்போது இருபத்து நாலு வயதுக் குமாஸ்தா. ஸ்டெல்லா என்ற நர்ஸைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் அப்பாவின் சம்மதத்துக்காகக் காத்திருந்தேன். அவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். மருந்தைப் போலவே மனுஷர்களையும் சொட்டுச் சொட்டாக அளப்பவர். அவரை அசத்துவதற்காக, உருது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று அளந்து வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த உருது ‘சுக்ரியா’வோடு சரி.

“அப்ப ஒரு உருதுப் படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி. நீங்க அர்த்தம் சொல்லுங்க, நாங்க கேக்கறோம்” என்றார் கம்பவுண்டர்.

ஓடிப்போய்க் கொடியைப் பார்த்தேன். மூன்று கர்சீப். மறுநாள் மேட்னிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். அன்று வியாழக்கிழமை, படம் வெளியாவதே மறுநாள்தான் என்பதெல்லாம் காதலிக்கிறவன் மூளையில் ஏறவில்லை.

படம் தொடங்கி ஐந்தாவது நிமிஷம் தாசி வீடு. பத்தாவது நிமிஷம் சலங்கை, சாராயம். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கம்பவுண்டர் கேட்டார். கடவுளைப் பற்றிச் சொல்கிறாள் என்றேன். திரையில் அவள் கண்ணடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். என் கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே வாசல் பக்கம் திரும்பியிருந்தன.

இடைவேளையில் பாயைத் தேடிப் பிடித்தேன். “மூணு கர்சீப் தொங்கவிட்டீங்களே பாய், இந்தப் படத்துக்கா?”

“அரே தம்பி, அது பழைய அழுக்கு. இன்னிக்குப் படத்துக்குத் தேவைப்படுமேன்னு துவைச்சுப் போட்டேன்.”

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பக்தியாக அர்த்தம் சொல்லும்படி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வந்தார். கம்பவுண்டர் அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டதும் பாய் முந்திக்கொண்டார்.

“சார், தம்பிக்கு உருது வராது. அந்தப் பொண்ணு சொல்லுது, இங்க வர்ற எல்லாரும் என் பாட்டைக் கேட்டாங்க, சாப்பிட்டியான்னு ஒருத்தர்கூடக் கேக்கலைன்னு.”

சாமராஜநகருக்கு மாற்றல் கேட்டு மனசுக்குள்ளேயே மனு எழுதத் தொடங்கினேன். படம் முடியும்வரை கம்பவுண்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. பாய் ஒரு வரி சொல்வார், அழுவார், அடுத்த வரியைச் சொல்வார். இரண்டு கர்சீப் தீர்ந்தன. மூன்றாவதைக் கம்பவுண்டர் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் மூக்கை உறிஞ்சியபடி, “உங்களுக்கு உருது வராதுன்னு ஸ்டெல்லா போன மாசமே சொல்லிட்டா. எப்ப ஒத்துக்குவீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்” என்றார்.

“நான் எங்க சார் ஒத்துக்கிட்டேன், பாய்தானே சொன்னார்?”

“அதுவும் சரிதான். ஆனா மானத்தை வாங்கின மனுஷனை ஒரு வார்த்தை திட்டாம நிக்கறீங்களே. அது போதும் எனக்கு.”

பயத்தில் நாக்கு எழவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அது பயம்தான் என்று தெரிந்திருந்தும் ஸ்டெல்லா அதை மட்டும் கடைசிவரை அப்பாவிடம் போட்டுக்கொடுக்கவில்லை.

கல்யாணத்தன்று சர்ச்சில் பூசை முழுவதும் லத்தீனில் நடந்தது. பாதிரியாரைத் தவிர ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது. மோதிரத்தைக் கையில் எடுத்தேன், விரல் கிடுகிடு என்று ஆடியது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதைக் கேட்டபிறகுதான் என் கை நிலைக்கு வந்தது.