பெரிய பங்களாக் கம்பளம் உழைக்கும் விதம்

திம்புள்ள,
12.7.1961

என் மதிப்புக்குரிய மச்சான் பழனியாண்டி அவர்களுக்கு,

உங்கள் தங்கை நாகலெட்சுமியின் புருஷன் அழகுமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் அனைவரும் மழையோடு சுகம். வட்டவளையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், என்னைக் கண்டால் மட்டும் குரைக்கும் உங்கள் நாயும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தேயிலை ஆலை டீமேக்கருக்கான வீட்டுக்குக் குடி மாறியிருப்பதாகவும், சிமெந்துத் தரை குளிருவதாகவும், பிள்ளைகளும் நாயும் பூனையும் புரளும் வீட்டில் குறைந்த செலவில் நீண்ட நாள் உழைக்கக்கூடிய விரிப்பு எதுவென்று சொல்லும்படியும் கேட்டிருக்கிறீர்கள். என் மூத்தவளின் காதுகுத்துக்கு மறுநாள் மாமன் சீரோடு வந்து இறங்கி, ரயில் தாமதம் என்று சொன்னவர் நீங்கள். நீங்கள் வர வேண்டிய அதே ரயிலில், தோட்டத்துக்கு மீன் விற்க வரும் மீன்காரர் முதல்நாளே வந்து சேர்ந்தார். அதன் பிறகு ஏழு வருஷமாக என்னிடம் எந்த யோசனையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறீர்கள். காரணமும் எனக்குத் தெரியும். போன வைகாசியில் வந்தபோது என் வீட்டுக் கம்பளத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கி அஞ்சு மாசமாச்சுங்கிறீங்க, நேத்து விரிச்ச மாதிரில்ல இருக்கு" என்றீர்கள். அதன் ரகசியத்தை இப்போது சொல்கிறேன்.

முதலில் நான் கம்பளத்துக்கு ஆசைப்பட்டவனில்லை. கடைக்குட்டி தமயந்திக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை. தரையில் நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டு அழுவாள், இரவில் மூச்சிழுப்பு. தோட்டத்து டாக்டர், "காலுல குறை ஒண்ணும் இல்ல கிளாக்கரையா, தரைதான் பச்சத்தண்ணி. கீழ எதையாச்சும் விரிங்க" என்றார். தலவாக்கலை மஃறூப் கடையில் கயிற்றுப் பாய் வாங்கினேன். இரண்டு ஆண்டு உழைக்கும் என்றார் கடைக்காரர். இரண்டு ஆடுகள் என்னிடம் இருக்கின்றன. ஒரு ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கி மூன்றாம் வாரம் மறு ஓரத்துக்கு வந்து சேர்ந்தன. அடுத்து மெழுகுச் சீலை. அது பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள். உங்கள் தங்கையும் ஒரு நாள் குழம்புச் சட்டியோடு சறுக்கினாள். அதன்பின் சாக்கு. சாக்கில் தெள்ளுப்பூச்சி.

இந்த நேரத்தில்தான் வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்பட்டார். துரை போனால் பங்களாச் சாமான்களை உத்தியோக வரிசைப்படி விலைக்குக் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். முதல் தெரிவு பெரிய கிளாக்கருக்கு. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு முதலில் கிடைத்த ஒரே காரியம் அது. தையல் மிஷினைக் கேட்கச் சொல்லி உங்கள் தங்கை காலையிலிருந்து நச்சரித்தாள். நான் போய் ஹோலில், அதாவது பங்களா முன்னறையில் கிடந்த கம்பளத்தைக் காட்டினேன். அரை மாதச் சம்பளம். தையல் மிஷினை இரண்டாம் கிளாக்கர் வாங்கினார். அவர் மனைவி அதை எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே வைத்து மிதிக்கிறாள்.

ஏன் அந்தக் கம்பளம் என்று கேட்பீர்கள். நாற்பத்திரண்டில், வேலைக் கடுதாசியோடு முதல்முறை பங்களாவுக்குப் போன அன்று அடைமழை. என் அப்பா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே, பூப்பாத்திக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே கணப்பில் சவுக்குக் கட்டை எரிகிற வாசனை, சுருட்டு வாசனை, நனைந்த நாயின் வாசனை. சமையல்காரர் மூக்கன் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, சப்பாத்த கழட்டு. கார்ப்பெட்ல கால் படக்கூடாது. இந்தப் பலகையில நில்லு" என்றார். வாசலுக்கும் கம்பளத்துக்கும் நடுவே ஒரு சாண் பலகை. அதில் பத்தொன்பது வருஷம் நின்றேன். சம்பள உயர்வு கேட்டது அங்கே, மறுக்கப்பட்டது அங்கே, அப்பா இறந்த தந்தியைத் துரை வாசித்துச் சொன்னதும் அங்கேதான். ஓரத்துச் சிவப்புப் பூக்கள் பதினொன்றரை. கண்ணை மூடினாலும் வரைவேன். நடுவில் என்ன பூ என்று தெரியாது. அங்கே மேசை கிடந்தது.

கம்பளம் வீட்டுக்கு வந்தது. நம் ஹோல் சிறியது. ஒரு பக்கம் இரண்டு முழம் சுவரில் ஏறி நிற்கிறது. விரித்த அன்றே விசித்திரம் தொடங்கியது. ஒருவரும் அதை மிதிக்கவில்லை. பிள்ளைகள் சுவரோரமாகப் பல்லிபோல் ஒட்டிப் போகிறார்கள். உங்கள் தங்கை தேநீரோடு சுற்றிவந்து கையை நீட்டிக் கொடுக்கிறாள். "மிதிங்கடி, நம்ம கார்ப்பெட்டுதான்" என்றால், "நீங்க மொதல்ல மிதிங்க" என்கிறாள். எனக்கு உடனே ஆபீசில் வேலை ஞாபகம் வந்துவிடும். கங்காணி ஆண்டியப்பன் தலைப்பாகையைக் கழற்றி ஓரத்தில் நின்று சலாம் வைத்தார். கம்பளத்துக்கு வைத்தாரா, அதில் படுத்திருந்த நாய்க்கு வைத்தாரா தெரியாது. எனக்கு வைக்கவில்லை. நீங்கள் மட்டும் என்ன மச்சான்? என் வீட்டை என்றைக்கும் மதிக்காத நீங்கள், குடையை மடக்கிக் கைகட்டி ஓரத்திலேயே நின்று பேசிவிட்டு, நின்றபடியே போனீர்கள்.

மிதிப்பது மேஜர் ஒன்றுதான். அது துரை விட்டுப்போன நாய். கம்பளத்தை விரிக்கும்போதே நட்டநடுவில் போய்ப் படுத்தது, நாங்கள் பார்க்க எழும்பியதில்லை. அதற்கு ஆங்கிலம்தான் விளங்கும். எனக்கோ "யெஸ் சார்" சொல்லிப் பழகிய ஆங்கிலத்தில் ஒரு நாயை அதட்ட வாய் வரவில்லை. யாருக்காக வாங்கினேனோ அந்தத் தமயந்தி தவழ்ந்து போய் ஓரத்துப் பூவைத் தொட்டால், தாயும் அக்காமாரும் "அய்யய்யோ, தொரை கார்ப்பெட்டு" என்று கூவித் தூக்கி, அடுப்படிச் சாக்கில் வைத்துவிடுகிறார்கள். இழுப்பு நிற்கவில்லை. நடையும் வரவில்லை.

ஆகவே என் யோசனை: மலிவாக வாங்கித் தலைமுறைக்கும் உழைக்க வேண்டுமானால் பங்களாக் கம்பளமே வாங்குங்கள். பிள்ளைகளாலும் ஆடுகளாலும் அதற்குச் சேதமில்லை. என்னுடையதில் ஓர் இழைகூடத் தேயவில்லை என்று சத்தியம் செய்வேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, நன்றாகப் படித்து, கிளாக்கர் வேலை தவிர வேறெந்த வேலைக்கும் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
அழகுமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்க எழும்பினேன். தமயந்தி மேஜரின் வாலைப் பிடித்து எழுந்து நின்றாள். நாய் எழும்பி நடந்தது. இவளும் பின்னாலேயே நாலு எட்டு வைத்தாள். விழப்போனவளை ஓடிப்போய்ப் பிடித்தேன். உங்கள் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு என் காலையே பார்க்கிறாள். குனிந்து பார்த்தால் நட்டநடுவில் நிற்கிறேன், சப்பாத்தோடு. பிள்ளை ஈரமும் பண்ணிவிட்டாள். நடுவில் பூ ஒன்றும் இல்லை மச்சான். இத்தனை நாள் நாய் மறைத்துக்கொண்டிருந்தது. மேசைக்கடியில் துரை சப்பாத்துக் காலால் தேய்த்த இடம்போல, தேய்ந்து சணல் தெரிகிறது, ஒரு தட்டு அகலம் ஓட்டை. மேலே எழுதிய யோசனையை அடித்துவிடுங்கள், இது ஒன்றும் உழைக்காது. ஆனால் கை வைத்துப் பார்த்தால் நல்ல சூடாக இருக்கிறது. சுவரில் ஏறியிருக்கும் இரண்டு முழத்தை உங்களுக்கு வெட்டி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு வாங்க, மீன்காரருக்கு முன்னால். வந்து நடுவிலேயே உட்காருங்க; ஓட்டையை மறைக்க ஆள் வேண்டும்.